காலிப் பாடு

செவ்வாய்

பெட்டியின் கணக்கில் தவறு இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். கூட்டல், பெருக்கல், எண்ணிக்கை எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். எல்லாம் சரி. ஆனாலும் வடமுகம் ஏரியில் இறால் இல்லை.

தெரிந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்க்கிறேன். எங்கள் ஊர் சாத்தங்குப்பம், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. நீர் வற்றிக் கடலுக்குள் இறங்கும்போது வளர்ந்த இறாலும் அதோடு வெளியே போகும். அது போகும் ஓடைகளில் குச்சி நட்டு வலை கட்டுவதுதான் எங்கள் தொழில். எந்த வீடு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்ற உரிமைக்குப் பெயர் பாடு. முன்பெல்லாம் ஊர் கூடி, குடத்தில் சீட்டுப் போட்டுப் பாடு பிரிப்பார்கள். இப்போது பெட்டி பிரிக்கிறது.

பெட்டி என்பது ஊர் வைத்த பெயர். ஏரி மேலாண்மை மையத்தின் தாள்களில் அதற்கு நீளமான பெயர் உண்டு. ஏரியில் மிதக்கும் மஞ்சள் பெட்டிகள் தண்ணீருக்குள் ஒலி அனுப்பி இறாலை எண்ணும். மையத்துக் கணினி அந்த எண்ணை வாங்கி, எந்த வீட்டுக்கு எந்த இடம் என்று போனுக்குச் செய்தி அனுப்பும். ஏரியில் மிச்சமிருக்கும் இறால் ஓர் அளவுக்குக் கீழே போனால் எல்லா வலைகளையும் எடுக்கச் சொல்லிவிடும். மிதக்கும் பெட்டிகளில் ஒட்டும் சிப்பிகளைச் சுரண்டுவதும், வரும் எண்களைச் சரிபார்ப்பதும் என் வேலை. சிப்பி சுரண்டும்போது மட்டும் எனக்குச் சந்தேகம் எதுவும் வருவதில்லை.

பெட்டி வந்த முதல் பருவத்தில் இறால் அமோகம். இரண்டாவது பருவத்தில் சுமார். இந்தப் பருவத்தில் வலையில் பாசிதான் வருகிறது.

இன்று மதியம் என் மேலாளர் வரதன் சார் என்னை அழைத்து ஓர் உத்தரவைக் காட்டினார்.

"தணிகைவேலு, நீ இந்த ஊர்க்காரன். வெளியில இருந்து தெரியறதுக்கு முன்னாடி நீ தெரிஞ்சிக்கறது நல்லது."

பெண்கள் பெயரில் உள்ள ஐந்து பாடுகளையும் நிறுத்திவைப்பதாக அதில் இருந்தது. காரணமும் இருந்தது. பழைய சீட்டு முறையில் பெண்களுக்குப் பாடு கிடையாது. பெட்டிக்கு ஆண், பெண் தெரியாது. குடும்ப அட்டையில் தலைவர் யாரோ அவருக்குப் பாடு. அப்படித்தான் ஐந்து பெண்கள் ஏரியில் இறங்கினார்கள். அவர்கள் இறங்கிய பிறகுதான் இறால் குறைந்தது. ஆகவே அவர்கள் சின்னக் கண்ணி வலை போட்டுக் குஞ்சுகளை வாரியிருக்க வேண்டும்.

"சார், வலையை யாராவது அளந்து பார்த்தாங்களா?"

"ஊர்த் தலைவர் கோதண்டம் எழுதிக் குடுத்திருக்கார். தேதியும் ஒத்துப்போகுது. வேற காரணம் இருந்தா நீ சொல்லு. ஞாயித்துக்கிழமை ஊர்க் கூட்டம். அதுவரைக்கும் இது என் மேசையில இருக்கும்."

அவர் கெட்டவர் இல்லை. தேதி உண்மையிலேயே ஒத்துப்போகிறது. நானும் வரைபடம் போட்டுப் பார்த்தேன், ஒத்துப்போகிறது.

ஐந்து பெண்களில் ஒருத்தி என் அக்கா அமுலு.

மாமா இறந்து பல வருடம் ஆகிறது. பாடு வருவதற்கு முன் அக்கா மற்றவர்களின் இறாலுக்கு ஓடு உரித்துக் கூலி வாங்கினாள். இப்போது துடுப்புப் படகு ஒன்று வைத்திருக்கிறாள். அவள் பெண் அருணா பள்ளிக்கூடம் போகிறாள். பாடு போனால் இரண்டும் போகும்.

செய்தியைச் சொன்னபோது அக்கா வலைக்குக் கயிறு கோத்துக்கொண்டிருந்தாள்.

"சின்னக் கண்ணியா? இந்தா, உன் விரலை வுட்டுப் பாரு. போவுதா? கோதண்டத்துப் புள்ள வலைல வுட்டுப் பாரு, நகங்கூடப் போவாது."

"நான் நம்பறேன்கா."

"நீ நம்பி இன்னாடா ஆவப்போவுது? உன் பெட்டி நம்பணும்."

வியாழன்

பொன்னேரிக்கு மாலை வகுப்புக்குப் போனேன். உயிரினங்களின் எண்ணிக்கை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதைக் கணக்காக எழுதிப் பார்க்கும் படிப்பு. பதினோரு பேர் சேர்ந்து இப்போது ஆறு பேர் மிச்சம். இதற்கே ஒரு சமன்பாடு எழுதலாம் என்று யூசுப் சொல்வான். அவன் ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறான். கை விறைத்திருப்பதால் குறிப்பு எடுக்க முடியவில்லை என்பது அவனுடைய நிரந்தரக் காரணம்.

பெனிட்டா மிஸ் எங்களைவிட நான்கைந்து வயதுதான் பெரியவர். மார்த்தாண்டத்துக்காரர். இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்று ஆரம்பித்தார்.

"முதல் உலகப் போர் சமயம், இத்தாலிப் பக்கத்துக் கடல்ல மீன்பிடி ரொம்பக் குறைஞ்சு போச்சு. போர் முடிஞ்சப்புறம் மீன் சந்தை விவரத்தைப் பார்த்தா, போர்க் காலத்துல சுறா மாதிரி வேட்டையாடுற மீனோட பங்கு கூடியிருக்கு. ஏன்?"

"மனுசன் மனுசனை வெட்டிக்கினு இருந்தான். சுறாவுக்கு லீவு கெடச்சிது" என்றான் யூசுப்.

"கிண்டலா சொன்னாலும் பாதி சரி. அதைக் கவனிச்ச விலங்கியல்காரர், தனக்கு மாமனாரா வரப்போறவர்கிட்ட போய்க் கேட்டார். அவர் கணக்குப் பேராசிரியர்."

"பொண்ணு பாக்கப் போன எடத்துல மீன் கணக்கா? கில்லாடிதான்."

"மாமனார் ரெண்டு வரி எழுதினார். மீன் தானா பெருகும், சுறாவைச் சந்திச்சா குறையும். சுறா தானா குறையும், மீனைச் சந்திச்சா பெருகும். அவ்வளவுதான். கிட்டத்தட்ட அதே நேரத்துல அமெரிக்காவுல ஒருத்தர் தனியா அதே ரெண்டு வரிக்கு வந்து சேர்ந்திருந்தார். தீர்த்துப் பார்த்தா ரெண்டும் அலை மாதிரி ஏறி இறங்கும். மனுஷன் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சா சராசரியில மீன் கூடும், சுறா குறையும். பிடிக்கறதை நிறுத்தினா தலைகீழ். சந்தை விவரத்தோட ஒத்துப்போச்சு."

ஒத்துப்போனது என்ற சொல் எனக்கு இந்த வாரம் பிடிக்கவில்லை. கையைத் தூக்கினேன்.

"மிஸ், சந்திச்சாங்கறீங்க. எங்க சந்திக்கும்?"

அவர் பலகையிலிருந்து திரும்பினார்.

"அது அந்த ரெண்டு வரியில கிடையாது. டீயில சர்க்கரை கலந்த மாதிரி, எல்லா இடத்திலயும் எல்லாம் ஒரே அளவா இருக்குன்னு வச்சிக்கிட்டாங்க. எங்கேயும் சந்திக்கலாம்."

"நெசத்துல அப்படி இருக்குமா?"

"ரஷ்யாவுல ஒரு இளைஞர் சோதனைக் குழாய்ல பார்த்தார். ஒரு நுண்ணுயிர், அதைத் தின்கிற இன்னொரு நுண்ணுயிர். தெளிஞ்ச தண்ணி. அலை வரும்னு காத்திருந்தார். வரல. வேட்டையாடி மொத்தத்தையும் தின்னுச்சு, அப்புறம் பட்டினியில தானும் செத்துச்சு. அடுத்ததா அடியில கொஞ்சம் வண்டல் போட்டார். இரையில கொஞ்சம் அதுக்குள்ள ஒளிஞ்சுது. வேட்டையாடி செத்தப்புறம் வெளிய வந்து பெருகிச்சு. வெளியிலிருந்து அப்பப்ப ரெண்டு உயிரையும் கொஞ்சம் கொஞ்சம் சேர்த்துவிட்டப்பதான் அலை மாதிரி ஏதோ வந்துச்சு."

"அப்ப சமன்பாடு பொய்யா?"

"பொய் இல்ல. அதுக்கு இடம்னா என்னன்னு தெரியாது. பின்னாடி கலிபோர்னியாவுல ஒருத்தர் ஆரஞ்சுப் பழங்களைத் தட்டுல பரப்பி, அதுல சிலந்திப்பேனையும் அதைத் தின்கிற பேனையும் விட்டார். நடுநடுவுல வாசலின் தடவித் தடுப்பு. இரைப் பேன் மட்டும் நூல் விட்டுக் காத்துல பறந்து தப்பிக்க அங்கங்க சின்னக் குச்சி. அப்பதான் ரெண்டும் சேர்ந்து சில சுற்று தாக்குப் பிடிச்சுது. தப்பிக்க வழி இருந்தாத்தான் தின்கிறவனும் பிழைப்பான்."

"ஆரஞ்சை யாரு தின்னாங்க?" என்றான் யூசுப்.

வகுப்பு முடிந்ததும் மிஸ்ஸிடம் எங்கள் ஏரியைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "பெட்டி எதை எண்ணுது?"

"ஏரியில எத்தனை இறால் மிச்சம்னு."

"எங்க இருக்குன்னு?"

"இல்ல மிஸ். மொத்தமா ஒரே எண்."

"டீயில சர்க்கரை. சரி, அங்க முன்னாடி ஒளிய ஏதாவது இடம் இருந்து இப்ப இல்லாம போயிருக்கா, பாரு."

பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். கடற்புல் அப்படியே இருக்கிறது. முகத்துவாரம் அடைபடவில்லை. ஓடைகள் அதே ஓடைகள். எதுவும் காணாமல் போகவில்லை. அக்காவைக் காப்பாற்ற வேண்டும் என்பதால்தான் இல்லாத ஒன்றைத் தேடுகிறேனோ என்றும் தோன்றியது. அப்படித் தேடுகிறவனுக்கு ஏதாவது ஒன்று நிச்சயம் கிடைத்துவிடும். அதுதான் பயம்.

வெள்ளி

அக்கா வீட்டில் சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு. எங்கள் ஊரிலேயே இறாலைக் கடையில் வாங்கும் நிலை.

நான் கேட்டதெல்லாம் பழைய சீட்டு முறை எப்படி நடந்தது என்றுதான். சிறுவயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை.

"எல்லா வூட்டுப் பேரையும் எழுதிக் குடத்துல போடுவாங்க. எடம் ஒண்ணொண்ணாச் சொல்லிச் சொல்லிச் சீட்டு எடுப்பாங்க. உங்க மாமா பேரும் வரும்."

"மாமா செத்த அப்புறமுமா?"

"ஆமா. ஒவ்வொரு தபாவும் வந்துச்சு. 'முருகேசன் பாடு, வடக்கோடை'ம்பாங்க. எல்லாரும் ஒரு நிமிசம் அமைதியா நிப்பாங்க. அதோட சரி."

"அந்த எடத்துல யாரு வலை கட்டுவா?"

"யாரும் கட்டக் கூடாது. ஆம்பள இல்லாத வூட்டுப் பாட்டுல எவனும் வலை கட்டக் கூடாது, அந்த வூட்டுப் பொம்பளையும் கட்டக் கூடாது. புள்ள வளர்ந்து வந்து கட்டுவானாம். எனக்கு அருணாதான். அப்ப அது எப்பவும் காலிதான்." கரண்டியைச் சட்டியில் போட்டாள். "தண்ணி வத்தற நேரத்துல கரையில நின்னு பாப்பேன்டா. இந்தப் பக்கம் வலை, அந்தப் பக்கம் வலை, என் எடத்துல மட்டும் தண்ணி சும்மா ஓடும். கொத்து கொத்தா எறா போவும். வெளக்குப் புடிச்சா கண்ணு கண்ணா மின்னும். அப்படியே கடலுக்குப் போயிடும். நான் வூட்டுக்கு வந்து கஞ்சி குடிப்பேன்."

சோற்றில் இருந்த என் கை அப்படியே நின்றது.

"அந்த மாதிரி எத்தினி வூடுக்கா?"

"நான், பவுனு, எதிர் வூட்டு ஜெயாக்கா... எப்பவும் நாலஞ்சு இருக்கும். எழவு வுழுந்த வூடும் அந்தத் தபா கட்டாது. ஏன்டா?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் முகம் எதையும் மறைக்காது.

இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து ஏரியில் வளரும். வளர்ந்தவை கடலுக்குப் போனால்தான் அடுத்த பருவத்துக்குக் குஞ்சு. பழைய முறையில் எப்போதும் நான்கைந்து ஓடைகள் திறந்திருந்தன. பெட்டி வந்ததும் அவற்றையும் ஆள் வைத்து அடைத்தது. ஏரியில் எத்தனை மிச்சம் என்று எண்ணியது. மிச்சமிருந்தவை எல்லாம் பொடிசுகள். கடலுக்கு எத்தனை போய்ச் சேர்ந்தன என்று அதற்குத் தெரியாது. கேட்கச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை.

அக்கா முழுவதையும் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அதாவது, நான் கஞ்சி குடிச்சதாலதான் ஊரு எறா தின்னுச்சு."

"அக்கா, அது இன்னும் உறுதி இல்ல. பாக்கணும்."

"பாரு. நல்லாப் பாரு. பாத்துட்டு ஞாயித்துக்கெழம எல்லார் எதிர்லயும் சொல்லு. கோதண்டம் மாலை வாங்கிக்கினு வருவான், உனக்குப் போட."

சனி

மிஸ் கல்லூரிக் கணினி அறையைத் திறந்துவைத்தார். யூசுப்பும் வந்தான். டீ வாங்கித் தருவது தன் பங்கு என்றான்.

ஏரியை ஒரே எண்ணாக வைக்காமல் ஓடை ஓடையாகப் பிரித்து எழுதினேன். எல்லா ஓடைகளையும் அடைத்து ஓட்டினால் மூன்றாவது பருவத்தில் இறால் விழுந்தது. ஊரில் நடந்த மாதிரியே. நாலு ஓடைகளைத் திறந்து விட்டால் வருடம் வருடமாகக் குறையாமல் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்தது. வந்தவுடன் சந்தேகமும் வந்தது.

"மிஸ், கடல்ல வேற ஏரி இறாலோட குஞ்சும் இருக்குமே. அதுவும் உள்ள வருமே."

"சேர்த்துப் பாரு."

சேர்த்தேன். வீழ்ச்சி கொஞ்சம் மெதுவானது, ஆனால் நிற்கவில்லை. அடுத்து, பெண்களை எடுத்துவிட்டு அந்த இடங்களை ஆண்களுக்குக் கொடுத்து ஓட்டினேன். அதே வீழ்ச்சி, இன்னும் கொஞ்சம் வேகமாக. பெண்கள் இருக்கட்டும், வேறு நாலு வீடுகள் காலி என்று வைத்தேன். இறால் குறையவில்லை.

"ஆக, பொம்பளைங்க காரணம் இல்ல" என்றான் யூசுப். "உங்க அக்கா தப்பிச்சாங்க."

"தப்பிக்கல" என்றார் மிஸ். திரையைப் பார்த்தபடியே இருந்தார். "நாலு வீடு காலியா இருக்கணும்னு இது சொல்லுது. யாரோட வீடுன்னு சொல்லலியே."

அந்தக் கேள்வியையும் கேட்டுப் பார்த்தேன். சோதனைக்காக மையம் கொடுத்திருக்கும் பெட்டியின் நகல் என்னிடம் இருந்தது. நாலு வீடுகளுக்குப் பாடு தராமல் இருக்க வேண்டும், ஊரின் மொத்த வரவு முடிந்தவரை குறையக் கூடாது, எந்த நாலு என்று கேட்டேன். நான் இன்னும் எழுந்து நிற்கவில்லை, பதில் வந்துவிட்டது.

பவுனு. ஜெயலட்சுமி. ரஞ்சிதம். அமுதவல்லி.

அமுதவல்லி என்பது அட்டையில் அக்காவின் பெயர்.

"இது கோதண்டம் வளர்த்த பெட்டியா?" என்றான் யூசுப்.

பெட்டிக்கு யார்மீதும் பகை இல்லை. இந்த நாலு பேருக்கும் துடுப்புப் படகு, பழைய வலை. அள்ளுவது குறைவு. அதனால் அவர்களை நிறுத்தினால் இழப்பும் குறைவு. நான் கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். கேள்வி என்னுடையது.

மிஸ் டீயை ஆற விட்டுவிட்டார். "இன்னொண்ணு பாரு, தணிகை. எப்பவும் அதே நாலு வீடு காலியா இருக்கறதுக்கும், மாத்தி மாத்தி விடறதுக்கும் இறால்ல வித்தியாசம் வருதா? மாத்தினா நல்லதுன்னு வந்தா உனக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும்."

பல முறை ஓட்டினேன். எந்த ஓடை என்பதில் சிறு வித்தியாசம் இருந்தது. எந்த வீடு, மாற்றி விடுவதா இல்லையா என்பதில் எந்த வித்தியாசமும் இல்லை. மாற்றினால் நல்லது என்று வரவேண்டும் என்று ஆசைப்பட்டு, ஓர் எண்ணைக் கொஞ்சம் தட்டிப் பார்த்தேன். வந்தது. அந்த எண்ணுக்கு ஆதாரம் என்ன என்று மிஸ் கேட்டார். இல்லை என்றேன். பழையபடி மாற்றிவைத்தேன்.

ஞாயிறு

கூட்டம் மீன் ஏலக் கொட்டகையில் நடந்தது. ஆண்கள் முன்னால், பெண்கள் தூணோரம். வரதன் சாருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். காலி ஓடைகள், கடலுக்குப் போகும் தாய் இறால், குஞ்சு. சமன்பாடு என்ற சொல்லை ஒரு முறைதான் சொன்னேன். அப்போதே பின்னால் யாரோ கொட்டாவி விட்டார். பெண்கள் வலையால் இறால் குறையவில்லை என்பதையும் சொன்னேன். வரதன் சார் தாள்களை வாங்கிப் பார்த்தார். நிறைய கேள்வி கேட்டார். எனக்குத் தெரியாத இரண்டுக்குத் தெரியாது என்றேன்.

கடைசியில் அவர் உத்தரவை மடித்தார். "இதை வச்சுப் பார்த்தா பெண்கள் பாட்டை நிறுத்த முகாந்திரம் இல்ல. உரிமம் அப்படியே இருக்கும். ஆனா நாலு இடம் காலியா இருக்கணும்னா அதை ஊர் பேசித்தான் முடிவு பண்ணணும். பேசினா பெட்டியில நான் மாத்தித் தரேன்."

கோதண்டம் எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தீங்களா? படிச்ச புள்ள சொல்லிடுச்சி. நம்ம பெரியவங்க சும்மாவா காலியா வுட்டாங்க? எல்லாம் தெரிஞ்சிதான் வுட்டிருக்காங்க. பழையபடி பொம்பளைங்க வூட்டுப் பாட்டையே காலியா வுட்டுட்டா முடிஞ்சிது வேலை."

"தெரிஞ்சா?" தூணோரத்திலிருந்து அக்கா கேட்டாள். "எறா கடலுக்குப் போவணும்னு தெரிஞ்சி என் அடுப்பை அணைச்சாங்களா? இல்ல பொம்பள வலை கட்டினா ஊருக்கு அசிங்கம்னு அணைச்சாங்களா? இன்னான்னு வெளக்கமாச் சொல்லு மாமா."

"யம்மா, கோவப்படாத. ஊரு நன்மைக்குத்தான பேசறோம்."

"ஊருல நானும் கீறேன்ல?"

சிலர் சிரித்தார்கள். கோதண்டம் என் பக்கம் திரும்பினார். அவர் முட்டாள் இல்லை. கேட்க வேண்டியதைச் சரியாகக் கேட்டார்.

"தம்பி, நீயே சொல்லு. வூட்டை மாத்தி மாத்திக் காலியா வுட்டா எறாவுக்கு எதுனா லாபம் கீதா? இல்ல எப்பவும் ஒரே வூடா இருந்தாலும் ஒண்ணுதானா?"

அக்கா என்னைப் பார்த்தாள். லாபம் உண்டு என்று சொன்னால் அந்தக் கொட்டகையில் யாராலும் மறுத்திருக்க முடியாது. நேற்று தட்டிப் பார்த்த எண் எனக்கு இன்னும் நினைவில் இருந்தது.

"லாபம் இல்ல மாமா. ரெண்டும் ஒண்ணுதான்."

கோதண்டம் கையை விரித்து எல்லோருக்கும் காட்டினார். "கேட்டுக்கினீங்களா?"

"கேட்டுக்கினோம்" என்றாள் அக்கா. முன்னால் வந்து, ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் நடுவில் நின்றாள். "எந்த வூடு காலின்னு எறாவுக்குக் கவலை இல்லயாம். அப்ப இனிமே எறா மேல பழி போடாத. பெட்டி மேலயும் போடாத. எங்க வூட்டுலதான் ஒல வெக்கக் கூடாதுன்னா, அது உன் ஆசை. உன் வாயால சொல்லு. இத்தினி பேர் எதிர்ல சொல்லு."

கோதண்டம் வரதன் சாரைப் பார்த்தார். சார் தாள்களைப் புரட்டினார்.

"சொல்ல மாட்டல்ல? அப்ப நான் சொல்றேன். எங்க உரிமம் கீது, சார் சொல்லிட்டாரு. எல்லார் பேரும் குடத்துல வுழணும். நாலு எடத்தைக் காலின்னு சொல்லி அதே குடத்துல பேரு எடுக்கணும். யாருக்கு வருதோ அந்தத் தபா அவங்க வூடு காலி, வலை கட்டறவங்க அவங்களுக்குப் பங்கு குடுக்கணும். எங்க பேரு குடத்துல இல்லன்னா நாங்க அஞ்சு பேரும் ஒரு நாள் வுடாம வலை கட்டுவோம். அப்புறம் எவனுக்கும் எறா இல்ல. எனக்கு ஒண்ணும் புதுசில்ல, கஞ்சி குடிச்சிப் பழக்கம். உங்களுக்குப் பழக்கமா?"

பவுனு அக்கா தூணை விட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றாள். பிறகு மற்றவர்கள்.

வெகு நேரம் கத்தினார்கள். பங்கு எவ்வளவு என்பதில் ஒரு சண்டை. அது இன்னும் முடியவில்லை. பெண் பெயர் குடத்தில் விழுந்தால் ஏரி வற்றிவிடும் என்றார் ஒருவர். இப்போது மட்டும் நிரம்பி வழிகிறதா என்றார் இன்னொருவர். அவர் கோதண்டத்தின் சொந்தத் தம்பி.  கடைசியில் கோதண்டம், "குடத்தைக் கொண்டாங்கடா" என்று மட்டும் சொன்னார். யாரையும் பார்க்காமல் சொன்னார்.

பெட்டியே சீட்டுப் போடும், நொடியில் முடியும் என்றார் வரதன் சார். கையால் எடுப்பதுதான் நம்பிக்கை என்று இரண்டு தரப்பும் ஒரே குரலில் சொன்னது. அந்தக் கூட்டத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

இடம் இடமாகச் சொல்லி, நாலு இடத்துக்கு மட்டும் 'காலி' என்று சொல்லி, பெயர்ச் சீட்டு எடுத்தார்கள். காலி இடங்களில் ஒன்று பவுனு அக்கா பெயருக்குப் போனது. இன்னொன்று, எஞ்சின் படகு இரண்டு வைத்திருக்கும் வீட்டுக்குப் போனது. அவர்கள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அடுத்த பருவத்தில் குஞ்சு வருமா என்று நான் கையில் தாளோடு யோசித்துக்கொண்டிருந்தேன். வரும் என்றுதான் கணக்கு சொல்கிறது. கடலில் என்ன நடக்கிறது என்பதை நான் இரண்டு வரியில் எழுதியிருக்கிறேன். கடல் இரண்டு வரி இல்லை.

"அமுலு" என்று கூப்பிட்டார்கள். அக்காவுக்கு விழுந்தது கீழ்க்கோடி ஓடை. சேறு, ஆழம் கிடையாது, தண்ணீர் இழுப்பும் கிடையாது. குடத்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் யாருக்காவது விழும், விழுந்தவர் ஊரையே திட்டுவார், ஊர் சிரிக்கும். சிறுவயதில் சீட்டு நாளன்று நான் வேடிக்கை பார்க்கப் போனதே அதற்காகத்தான்.

அக்கா சீட்டைக் கசக்கினாள்.

"இந்த எடத்துல எவன்டா எறா புடிப்பான்? தவளைதான் வரும். குடத்தைச் சரியாக் குலுக்கினீங்களா இல்லியா?"

கொட்டகை முழுவதும் சிரித்தது. கோதண்டம் குனிந்தபடியே, அடுத்த சீட்டுக்குக் கையை விட்டுக்கொண்டே, யாருக்கு இந்த இடம் விழுந்தாலும் சொல்லும் பதிலையே சொன்னார்.

"அடுத்த தபா பாத்துக்கலாம், போ."